பொனேரில் கரையோர டைவிங்: அறை பதிவு முதல் விமானம் ஏறும் வரை

கரீபியன் டைவிங் விடுமுறை என்றால் பலரும் படகைத்தான் நினைப்பார்கள். காலையில் படகு கிளம்பும், வழிகாட்டி முன்னே போவார், நாம் பின்னால் போவோம். வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் டச்சுத் தீவான பொனேரில் கதையே வேறு. மேற்குக் கரை முழுக்கப் பவளப்பாறை கரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. பிக்கப் வண்டியில் மூச்சுக் காற்று டாங்க்குகளை ஏற்றிக்கொண்டு போவீர்கள். சாலையோரத்தில் மஞ்சள் பூசிய கல்லில் டைவ் தளத்தின் பெயர் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி நீங்களே இறங்குவீர்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் தனியாகப் பணம் கொடுத்து அமர்த்த வேண்டும். அறை எடுப்பதிலிருந்து டாங்க் வால்வுக்கான ரப்பர் வளையம் (ஓ-ரிங்) வாங்குவது வரை எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும்.

அறையும் வண்டியும்

அறை, வண்டி, வரம்பில்லாத டாங்க் மூன்றும் சேர்ந்த பேக்கேஜ்தான் பெரும்பாலும் லாபம். பதிவு செய்யும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். டாங்க் எடுக்கும் இடம் 24 மணி நேரமும் திறந்திருக்குமா? ஆக்ஸிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸுக்குத் தனிக் கட்டணமா? ரிசார்ட்டின் முன்னாலேயே இறங்கக்கூடிய பாறை இருக்கிறதா? ஈரச் சாமானைப் பூட்டி வைக்க வெளியே லாக்கர் உண்டா? கடல் பார்த்த மாடி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் தரைத்தள அறை எடுப்பது மேல். மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த திட்டம் இங்கே வீண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் தெற்குக் கரையில் எங்கோ இருப்பீர்கள். சிறு சமையலறை உள்ள அறையே வசதி. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தாராளமாகக் குடிக்கலாம்.

வண்டிகளில் பல கையால் கியர் மாற்றுபவை. ஓட்டத் தெரியாவிட்டால் முன்பே ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்குங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கழுதையும் ஆடும் சாலையில் நிற்கும். மின்சாரம் 127 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கத் தட்டை முனை பிளக். சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. நாணயம் 2011 முதல் அமெரிக்க டாலர்.

தீவுக்குள் நுழைய 2022 ஜூலை முதல் 75 டாலர் வரி உண்டு. கடல் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபாவின் இயற்கைக் கட்டணம் அதிலிருந்து வேறு. பலர் ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டும் முடிந்தது என்று வந்து நிற்பார்கள். இரண்டையும் இணையத்திலேயே கட்டிவிட்டு ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள்

1979-இல் அமைந்த கடல் பூங்கா, அலை ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றி இருக்கிறது. அதனுள் கையுறை அணியக் கூடாது. காரணம் எளிது: கையுறை போட்டவர் பாறையைப் பிடிக்கத் தயங்கமாட்டார். ஒளிரும் ரசாயனக் குச்சியும் தடை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் 2021 முதல் விற்பனையில் இல்லை, வெளியிலிருந்தும் கொண்டுவராதீர்கள். நீளக் கை வைத்த நீச்சல் மேலாடையான ரேஷ்கார்டு போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 2023-இல் கல்பவளத் திசு இழப்பு நோய் இங்கேயும் வந்துவிட்டது. அதனால் டைவ்களுக்கு இடையே சாமானைக் கிருமிநீக்கித் தொட்டியில் முக்கச் சொல்வார்கள், சில தளங்களை மூடியும் வைப்பார்கள். அன்றைய நிலையை டைவ் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் டைவ்: எடையைச் சரிசெய்ய

விதிகளை விளக்கும் அறிமுகக் கூட்டமும், ரிசார்ட்டின் முன்னால் ஒரு சோதனை டைவும் முடிந்த பிறகுதான் தனியாக இறங்க விடுவார்கள். அதைச் சடங்காகக் கழிக்காமல், மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடையைச் சரிசெய்யப் பயன்படுத்துங்கள். இங்கே கிடைப்பது 11 லிட்டர் அலுமினியம் டாங்க். நிரம்பியிருக்கும்போது மூழ்கும், காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும். டைவ் முழுக்க நீங்கள் செலவழிக்கும் காற்றின் எடையே ஏறக்குறைய 2 கிலோ. ஆகவே சோதனையை டைவின் தொடக்கத்தில் செய்து பயனில்லை. டாங்க்கில் 50 பார் அழுத்தம் மிஞ்சியிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், காற்று ஏற்றி இறக்கும் மிதவைச் சட்டையான பிசிடி-யைக் காலி செய்துவிட்டு நில்லுங்கள். இயல்பாக மூச்சு விட்டபடி மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. மேலே இழுத்தால் ஒரு கிலோ சேருங்கள், கீழே இறங்கினால் ஒன்றைக் குறையுங்கள். எடை கூடினால் பிசிடி-யில் காற்று கூடும். கூடிய காற்று ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்திலும் விரிந்து உங்களை ஆட்டிவைக்கும்.

டாங்க் எடுக்கும்போது

நைட்ராக்ஸ் டாங்க்கை நீங்களேதான் அளக்க வேண்டும். ஆக்ஸிஜன் அளவியைக் காற்றில் 20.9 சதவீதத்துக்கு நிறுத்துங்கள். வால்வை மெல்லத் திறந்து, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுங்கள். சதவீதம், அதிகபட்ச ஆழம், உங்கள் பெயர் மூன்றையும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். 32 சதவீதம் என்றால், ஆக்ஸிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டாமல் இருக்க 33 மீட்டர்தான் எல்லை. கையிலுள்ள டைவ் கணினியிலும் அதே எண்ணைப் போட மறக்காதீர்கள். சில மாடல்கள் ஒருநாள் கழிந்ததும் தானாகவே 21-க்குத் திரும்பிவிடும்.

டாங்க்கிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் கருவிதான் ரெகுலேட்டர். இங்கே வால்வுகள் அதைக் கவ்வி மாட்டும் யோக் வகை. திருகி மாட்டும் டின் வகை ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டர் கொண்டுவர வேண்டும். யோக்கில் ஓ-ரிங் டாங்க் வால்வின் முகத்தில் உட்கார்ந்திருக்கும். ஆள் மாற்றி ஆள் கழற்றி மாட்டுவதால் சீக்கிரம் வெடித்துப்போகும். திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்று சீறினால் வால்வை மூடி, ரெகுலேட்டரில் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பொத்தானை அமுக்கி அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். வளையத்தைப் பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுங்கள். ஊசியால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும். பிறகு எந்த வளையமும் அடைக்காது. 014 எண் வளையம் ஐந்தாறு பையில் இருக்கட்டும். 40 நிமிடம் ஓட்டி வந்த பிறகு இது ஒன்று இல்லாமல் திரும்பிப் போவது எரிச்சலான வேலை.

வண்டியை நிறுத்தியதும்

வண்டியில் எதையும் விட்டுவைக்காதீர்கள். கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கி விட்டுவிடுவதுதான் இங்குள்ள வழக்கம். பூட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள். பாஸ்போர்ட்டும் பணமும் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். சாவியில் மின்னணுச் சில்லு இருந்தால் நீர்புகாத டப்பாவில் போட்டுப் பிசிடி-யில் மாட்டுங்கள்.

கரை மணலாக இராது. கூரான பவளச் சரளையும் வழுக்குப் பாறையுமாக இருக்கும். கெட்டி அடிப்பாகம் கொண்ட பூட்ஸ், பின்பட்டை வைத்த ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) இரண்டும் கட்டாயம். வெறுங்காலில் போடும் ஃபின் இங்கே உதவாது. வண்டியின் பின்கதவில் உட்கார்ந்தபடி பிசிடி-யை மாட்டி எழுங்கள். ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, பிசிடி-யில் பாதிக் காற்று, முகத்தில் மாஸ்க், வாயில் ரெகுலேட்டர் என்று இறங்குங்கள். அலைகள் சில பெரிதாக வந்து, பிறகு சிறிது ஓயும். அந்த இடைவெளியில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். தூக்கி வைத்தால் கடல் முள்ளெலி மேல் மிதிப்பீர்கள். இடுப்பளவு ஆழம் வந்ததும் அப்படியே முன்னால் சாய்ந்து மிதந்துகொண்டு ஃபின்னை மாட்டுங்கள். விழுகிறவர்கள் பெரும்பாலும் முழங்கால் ஆழத்தில் ஒற்றைக்காலில் நின்று மாட்ட முயன்றவர்கள்தாம்.

மணல்தளத்தின் மேல் கொஞ்சம் நீந்தினால் 10 மீட்டர் வாக்கில் சரிவு தொடங்கும். டைவ் தளத்தில் கட்டியிருக்கும் மிதவையின் கயிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீரோட்டம் அந்தப் பக்கம். முதலில் அதற்கு எதிராகப் போய், 120 பாரில் திரும்பி, ஆழம் குறைந்த பகுதி வழியாக வாருங்கள். சரிவில் இறங்கிய இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளாதவர்கள் வேறு எங்கோ கரையேறி, முதுகில் டாங்க்கோடு வெயிலில் சாலை வழியே நடப்பார்கள்.

எங்கே இறங்குவது

ஹில்மா ஹூக்கர் 1984-இல் மூழ்கிய 72 மீட்டர் சரக்குக் கப்பல், சுமார் 30 மீட்டரில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஆழம் கூடுதல் என்பதால் இதை நாளின் முதல் டைவாக வையுங்கள். உப்பு ஏற்றும் துறைமேடையான சால்ட் பியரின் தூண்களுக்கு இடையே மீன்கூட்டம் அபாரம். ஆனால் உப்புக் கப்பல் நிற்கும்போது இறங்க அனுமதியில்லை. ஆயிரம் படிகள் என்ற தளத்தில் படிகள் நூறைக்கூடத் தொடாது. திரும்பி ஏறும்போதுதான் பெயருக்கு அர்த்தம் புரியும். அதற்கு வடக்கே கர்பாட்டா தளத்துக்குப் போகும் சாலை ஒருவழி. தளத்தைத் தவறவிட்டால் ரின்கோன் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். எதிரே இருக்கும் க்ளைன் பொனேர் குட்டித்தீவுக்கு மட்டும் படகு தேவை; ஒரு நாளாவது அதற்கு ஒதுக்குங்கள்.

பௌர்ணமிக்கு இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத் தீவில் இருந்தால் இரவு டைவைத் தவறவிடாதீர்கள். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் போல ஆனதும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற பொடி உயிரிகள் நீல ஒளிப் புள்ளிகளைச் சரமாகக் கோத்துக்கொண்டே மேலே ஏறும். விளக்கு எரிந்தால், வேட்டைக்கு வரும் டார்பன் மீன்தான் உங்களோடு சுற்றும்.

கழுவலும் கடைசி நாளும்

ரெகுலேட்டரை முக்கும் முன் தூசிமூடியைத் துடைத்து இறுக்கி மாட்டுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது பர்ஜை அமுக்கினால் குழாய் வழியாக நீர், டாங்க்கில் மாட்டும் பகுதியான முதல்நிலைக்குள் போய்விடும். காதையும் நன்னீரில் கழுவித் துவட்டுங்கள். நான்காம் நாள் காதுவலியில் டைவ் நின்றுபோவதற்கு ஈரக் காதுதான் வழக்கமான காரணம்.

தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. 24 விடுவது நல்லது. மதியம் 3 மணிக்கு விமானம் என்றால் முந்தைய நாள் மதியம் 3-க்குள் கடைசி டைவை முடியுங்கள். அந்த மாலையில் சாமான் காயும். ஈரமான பிசிடி-யும் வெட்சூட்டும் பெட்டியின் எடையைக் கிலோக்கணக்கில் கூட்டிவிடும். மறுநாள் காலையில் வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்காவுக்குப் போகலாம். அங்குள்ள பிரான்டாரிஸ் குன்று 241 மீட்டர்தான், ஆனாலும் ஆழமான டைவ் முடித்த அன்றே ஏறாமல் அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.