நிரையும் முகமும்: மலையகத்தில் மனிதர்களைப் படம் எடுக்கப் பழகுவோருக்கு

கமரா வாங்கிய புதிதில், இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ரோட்டு மேட்டில் நின்று, கீழே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் படம் பிடித்தேன். பச்சைக்கு நடுவில் சிவப்பு, மஞ்சள், நீலப் பொட்டுகள். பெருமையோடு பெரியம்மாவிடம் காட்டினேன். கிட்டே பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நா எங்கடா?"

அன்றைக்கு அவர் அந்த மலையில்தான் நின்றார் என்பதே எனக்குத் தெரியாது. படத்தில் ஒழுங்கு இருந்தது, ஆள் இல்லை. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர நான் பழகிய முறையைக் கீழே சொல்கிறேன். போன் கமராவே போதும்.

1. முதல் பதினைந்து நிமிடம் படம் எடுக்க வேண்டாம்

கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒருவரின் கைகளை மட்டும் பாருங்கள். இரண்டு கையும் செடியின் மட்டத்தில் மாறி மாறி ஓடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கை நிறைந்ததும், கை தோளுக்கு மேலே போய் முதுகுக்குப் பின்னால் கொழுந்தை எறியும். பிறகு ஓரடி நகர்வு. தப்பு மேளம் அடிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை எண்ணுவது சுலபம்: கிள்ளு, கிள்ளு, கிள்ளு, எறி. பக்கத்து நிரையில் (செடி வரிசையில்) நிற்பவருக்கும் இதே தாளம்தான், ஆனால் அரை மாத்திரை முன்னே பின்னே. படத்தில் தாளம் என்று நாம் தேடுவது இதைத்தான். ஒரே அசைவு, வெவ்வேறு கட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில்.

முதுகில் கூடைக்குப் பதில் சாக்கோ பிளாஸ்டிக் பையோ இருக்கலாம். இருக்கட்டும். படத்துக்காகப் பிரம்புக் கூடை தேடி மாட்டச் சொல்லாதீர்கள்.

2. நிற்கும் இடம்

மேலிருந்து எடுத்தால் என் பழைய படம் மாதிரிப் பொட்டுகள்தான் மிஞ்சும். நேர் முன்னால் போய் நின்றால் வேலை நின்றுவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். நிரையின் ஓரத்தில், சற்றுத் தாழ்வாக, பக்கவாட்டில் நில்லுங்கள். போனில் 2 அல்லது 3 மடங்கு ஸூம், கமராவில் 85 முதல் 135 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும்போது முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் நெருங்கி வந்ததுபோலத் தெரியும். சரிவு இருப்பதால் ஒரு தலைக்கு மேல் இன்னொரு தலை படிக்கட்டு மாதிரி ஏறும். ஒரு முகம் இன்னொன்றை மறைக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அரையடி நகர்ந்தாலே விலகிவிடும்.

நகரும்போது காலடியில் கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) இருக்கும், கவனம். அட்டைக் கடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

3. அமைப்புகள்

எறியும் கையை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/500 வினாடி. முகம் அசையாமல் கை மட்டும் கலங்கித் தெரிய வேண்டுமானால் 1/15 (கமராவை எதிலாவது அழுத்திப் பிடியுங்கள், பத்தில் ஒன்றுதான் தேறும்). பனிமூட்டம் இருந்தால் வெளிச்சத்தை (எக்ஸ்போஷர்) முக்கால் அல்லது ஒரு புள்ளி (ஸ்டொப்) கூட்டுங்கள். வெண்மையைக் கமரா சாம்பலாக்கப் பார்க்கும், முகங்களும் கறுத்துப்போகும்.

4. தாளம் தப்பும் இடத்துக்குக் காத்திருங்கள்

எட்டுப் பேர் குனிந்திருக்கையில் ஒருவர் நிமிர்ந்து தலைத்துண்டை இறுக்குவார். ஒருவர் பக்கத்து நிரைக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார். கண் நேரே அங்கேதான் போகும். ஒழுங்கு இல்லாவிட்டால் அந்த ஒருவர் கண்ணில் படமாட்டார். அவர் இல்லாவிட்டால் ஒழுங்கு வெறும் சேலைக்கரை.

ஆனால் எந்தத் தப்பலுக்கு அர்த்தம் உண்டு என்று தெரிய, வேலையைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் எல்லார் முகமும் தராசைப் பார்க்கும். புதிதாக வருபவர் அதை அழகான வரிசையாக மட்டும் எடுப்பார். ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு, பல தோட்டங்களில் 18, 20 என்று இருக்கும். குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஈரத்துக்கும் சாக்குக்கும் வேறு கழிப்பார்கள். இது தெரிந்தவர் தராசை விட்டுவிட்டு, முள் நிற்கும் நொடியில் அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

5. கேளுங்கள், பெயரையும் எழுதுங்கள்

"அக்கா, ஒரு படம் எடுக்கட்டுங்களா?" போதும். எடுத்ததைக் காட்டுங்கள். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனால் இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) வீடுதான், வெளியில் நின்று கூப்பிடுங்கள். சுற்றுலா ரோட்டோரத்தில் காசுக்குக் கூடையோடு நிற்பவர்களை எடுப்பதில் தப்பில்லை, கேட்ட காசைக் கொடுங்கள். அதை வேலை நேரத்துப் படம் என்று மட்டும் போடாதீர்கள்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக்காரர் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பக்கம் காலமானார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் படம் எடுத்த கவிஞர், விஞ்ஞானி பெயரெல்லாம் உலகத்துக்குத் தெரியும். இங்கே அவர் கமராவின் முன் நின்றவர்களில் பெரும்பாலானோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்துக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

6. பயிற்சிக்கு

நானுஓயாவிலிருந்து பதுளைப் பக்கம் போகும் கோச்சியை (ரயிலை) ஸ்டேஷனில் பாருங்கள். ஜன்னல்கள் ஒரே அளவுச் சட்டங்கள், தாளம் தயாராகக் கிடைக்கிறது. எல்லோரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கையில் மறுபக்கம் திரும்பியிருப்பவரைத் தேடுங்கள். அந்தப் பாதையில் இருக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தை ஏற்கெனவே போதுமான பேர் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நூறு படத்திலிருந்து மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முழு நிரை, தாளம் தப்பிய நொடி, கிட்டத்தில் ஒரு கை அல்லது முகம். பிறகு படத்தில் இருப்பவரிடமே காட்டுங்கள்.

போன வருடம் நிரையோரம் நின்று எடுத்த ஒன்றை அச்சடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். விரலை வைத்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். தன்னைத் தாண்டினார், இன்னும் ஒருவரைத் தாண்டினார். விரல் நின்றது.

"இந்த நிரை ஏன்டா காலியா கெடக்கு? அன்னைக்கு யாரு வரல?"

அந்த இடைவெளியை நான் பார்க்கவே இல்லை.