உள்ளித் தீயல்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் எங்கள் வீட்டுச் சம்பா அரிசிச் சோற்றுக்கு வாரம் இருமுறையாவது உள்ளித் தீயல் வேண்டும். உள்ளி என்றால் இங்கே சின்ன வெங்காயம். தீயல் என்றால் தேங்காயைக் கரும்பழுப்பாக வறுத்து அரைத்துச் சேர்க்கும் புளிக்குழம்பு.

எல்லாம் தேங்காயை வறுப்பதில்தான் இருக்கிறது. முற்றிய தேங்காய் ஒரு மூடியைத் துருவி, அடிகனமான சட்டியில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் வறுங்கள். 20 நிமிடம் ஆகும். கை ஓயக் கூடாது. பொன்னிறத்திலேயே இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது தீயல் ஆகாது, வெறும் வறுத்தரைத்த குழம்புதான். காப்பிக்கொட்டை நிறம் வர வேண்டும். அதற்குச் சற்று முன்பு 6 வத்தல் மிளகாய், 2 மேசைக்கரண்டி மல்லி, அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேருங்கள். நிறம் வந்ததும் உடனே வேறு பாத்திரத்தில் கொட்டிவிடுங்கள். சட்டியின் சூடே கருக்கிவிடும். என் அம்மா அம்மியில் தண்ணீர் தொடாமல், எண்ணெய் கசியும்வரை அரைப்பார். மிக்ஸியிலும் தண்ணீர் வேண்டாம்.

கால் கிலோ உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சை வாசனை போனதும் அரைப்பைக் கலந்து, எண்ணெய் மிதக்கும்போது இறக்கிக் கடுகு தாளியுங்கள். கொஞ்சம் மிச்சம் வையுங்கள். மறுநாள் காலைப் பழஞ்சிக்கு, அதாவது பழைய சோற்றுக்கு, அது இன்னும் ருசியாக இருக்கும்.