விரால் சீசன் வருது: ரீலில் பிரெய்டு ஏற்றுவது எப்படி?

கார்த்திகை மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, கண்மாயில் தண்ணீர் கொஞ்சம் இறங்கட்டும். தை பிறந்ததும் ஆம்பல் இலை ஓரமாக விரால் மேலே வந்து காற்று வாங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அதற்குள் தூண்டில் கயிற்றைச் சுற்றி வைக்கிற ரீல் தயாராக இருக்க வேண்டும். புதுத் தவளை லூர் (தவளை வடிவப் பொய் இரை) வாங்கக் கை பரபரக்கும்தான். காசை முதலில் லைனில், அதாவது தூண்டில் கயிற்றில் போடுங்கள்.

ஏழடி மீடியம் ஹெவி ராடும் (தூண்டில் கம்பு) 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முதல் சீசனிலேயே பெயிட்காஸ்டர் என்கிற இன்னொரு வகை ரீல் வேண்டாம், பாதி நாள் சிக்கெடுப்பதில் போய்விடும். லைன், 40 எல்பி (பவுண்ட்) பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த கயிறு. பாசிக்குள் எட்டு இழையைவிட நாலு இழைதான் என் கட்சி. வளையத்தில் உரசிச் சத்தம் போடும், ஆனால் இலைக்காம்பை அறுத்துக்கொண்டு வரும்.

எண்ணெய்: லைன் ரோலருக்கு (லைன் உரசி ஓடும் சின்ன உருளை) ஒரு சொட்டு, கைப்பிடிக்கு ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்குப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளை) கட்டுவது: நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரெய்டு வழுவழுப்பானது. வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டினால் முடிச்சு அவிழாது, ஆனால் சுற்றின லைன் மொத்தமும் ஸ்பூலைச் சுற்றி வழுக்கும். டிராகை (மீன் இழுக்கும்போது ஸ்பூலைப் பிடிக்கிற பிரேக்) எவ்வளவு முறுக்கினாலும் மீன் லைனை இழுத்துக்கொண்டே போகும். டிராக் போச்சு என்று நல்ல ரீலைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. சோதித்துப் பார்ப்பது சுலபம்: டிராகை முழுக்க இறுக்கிவிட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு லைனை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் லைன் மட்டும் வந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

இதற்கு வைத்தியம், முதலில் சாதாரண நைலான் நரம்பை ஸ்பூலில் சில மீட்டர் சுற்றி, அதன் நுனியில் இரட்டை யூனி முடிச்சால் பிரெய்டை இணைப்பது. ஸ்பூலில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு நரம்புதான் நம்பிக்கை. நம்மூர் வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும்.

சுற்றுவது: லைனை ராடின் அடி வளையம் வழியாக விட்டு, ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு விறைப்பாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து, வீசும்போது கொத்தாகக் கிளம்பும். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். வழிய வழிய ஏற்றினாலும் சிக்கல்தான்.

தவளை: பலோமர் முடிச்சில் பிரெய்டை நேராகக் கட்டுங்கள், லீடர் (லைனுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தனித் துண்டு) வேண்டாம். எச்சில் தொட்டு இறுக்குங்கள். போன வருஷத் தவளையை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் தண்ணீர் புகுந்து மூழ்கும். காயவைத்து முள் நுழையும் இடத்தில் சிலிக்கான் பசை வையுங்கள்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக்கூட்டம் கொப்பளித்தால் அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அங்கே வீசாதீர்கள்.

பின்சேர்க்கை: “எல்லாம் சுற்றி முடித்தபிறகு பெயில் கம்பியைத் திறந்தால் லைன் வெளியே வரவில்லை” என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பெயில் என்பது லைனைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைகம்பி. ஸ்பூலில் முடிச்சுப் போடும்முன் அதைத் திறந்திருக்க வேண்டும், அதை நான் மேலே சொல்லவில்லை. வெட்ட வேண்டாம் தம்பி. டிராக் திருகைக் கழற்றினால் ஸ்பூல் தனியே வந்துவிடும். பெயிலைத் திறந்து வைத்து, லைன் கம்பிக்கு உள்பக்கமாக வரும்படி ஸ்பூலைத் திரும்ப மாட்டி, பெயிலை மூடுங்கள். லைன் ரோலரில் வந்து உட்கார்ந்துவிடும்.