பதிவு செய்யும் கேபிள் பாக்ஸ் திணறுகிறதா? முறையாக ரீஸ்டார்ட் செய்வது இப்படித்தான்

ரிமோட்டை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சேனல் மாறுகிறது. படம் அப்படியே உறைந்து நிற்கிறது. பதிவான நிகழ்ச்சி பட்டியலில் தெரிகிறது, திறந்தால் ஓட மறுக்கிறது. இந்த மாதிரித் தொல்லை வந்தால் ஆள் கூப்பிடுவதற்கு முன் பாக்ஸை ஒருமுறை முறையாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

ரிமோட்டின் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் அது ரீஸ்டார்ட்டே இல்லை. பாக்ஸ் ஸ்டாண்ட்பைக்குப் போகும், திரையில் படம் நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் தூங்கும் நேரத்திலும் நிகழ்ச்சியைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி மாதக்கணக்கில் ஓடும்போது மென்பொருளில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும், மெமரியும் நிரம்பும், பாக்ஸ் மந்தமாகும். மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்தால் மெமரி காலியாகி, மென்பொருள் முதலிலிருந்து தொடங்கும்.

பிளக்கைத் தொடுவதற்கு முன்

இப்போது ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல பாக்ஸ்களில் பதிவின்போது முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு இல்லாத பாக்ஸில் ரெக்கார்டிங் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். அடுத்த அரை மணி நேரத்துக்குள் எதுவும் பதிவாக இருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். ஹார்டு டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் பதிவு பாதியில் நிற்கும், டிஸ்கில் உள்ள மற்ற கோப்புகளும் கெட வாய்ப்புண்டு. திரையில் 'அப்டேட் நடக்கிறது' என்று வந்திருந்தால் கை வைக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே பதிவானவை அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அவை டிஸ்கில் இருப்பதால் மின்சாரம் போனாலும் அப்படியே இருக்கும். நேரலையை நிறுத்தி வைத்திருந்தால் அது மட்டும் போய்விடும்.

இனி செய்ய வேண்டியது

1. மெனுவில் 'ரீஸ்டார்ட்' அல்லது 'ரீபூட்' இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். பாக்ஸ் தன் வேலைகளை ஒழுங்காக முடித்துக்கொண்டு அணையும், டிஸ்குக்கும் அதுதான் நல்லது.

2. மெனுவே திறக்கவில்லையா? ரிமோட்டில் அணைத்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துப் பிளக்கை உருவுங்கள்.

3. ஒரு நிமிடம் காத்திருங்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் சற்று நேரம் மின்சாரம் தங்கும், டிஸ்கும் சுழன்று நிற்க வேண்டும். உடனே திரும்பச் செருகினால் பழைய கோளாறு அப்படியே தொடரலாம்.

4. அந்த ஒரு நிமிடத்தில் பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். கேபிள் திருகு தளர்ந்திருந்தால் கையால் முறுக்குங்கள், எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைவதற்குப் பல நேரம் இந்தத் தளர்ந்த திருகு காரணமாக இருக்கும். காற்றுத் துளைகளில் தூசி இருந்தால் துடைத்துவிடுங்கள், மேலே எதையாவது அடுக்கி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டிஸ்க் சுழலும் பாக்ஸ் சூடாகும், சூடு அதற்கு ஆகாது.

5. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். அப்புறம் எதையும் அழுத்தாமல் விட்டுவிடுங்கள்.

பொறுமை வேண்டியது இந்த இடத்தில்தான். பாக்ஸ் மென்பொருளை ஏற்ற வேண்டும், டிஸ்கைச் சோதிக்க வேண்டும், சிக்னலைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் அது சாதாரணம். நடுவில் திரை கறுப்பாக இருக்கும், ஒருமுறை தானாக அணைந்து எரியவும் கூடும். வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி பிளக்கை உருவிவிடாதீர்கள்.

படம் வந்த பிறகும் நிகழ்ச்சி அட்டவணை காலியாகத் தெரியலாம். அந்தத் தகவல் கேபிள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேரும். அது நிரம்பியதும் வரவிருக்கும் பதிவுகளின் பட்டியலைத் திறந்து, நீங்கள் குறித்து வைத்தவை எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

தவறியும் தொடக்கூடாதது

மெனுவில் ரீஸ்டார்ட்டுக்குப் பக்கத்திலேயே 'ஃபேக்டரி ரீசெட்' இருக்கலாம். அது பாக்ஸைப் புதிதாக வாங்கிய நிலைக்கே கொண்டுபோய்விடும். பல பாக்ஸ்களில் சேமித்த பதிவுகளும் சேர்ந்து அழியும், திரும்ப எடுக்க வழியில்லை. திரையில் வரும் எச்சரிக்கையை முழுதாகப் படிக்காமல் 'ஓகே' அழுத்தாதீர்கள்.

ரீஸ்டார்ட் செய்த சில நாட்களிலேயே அதே தொல்லை திரும்பினால், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, பார்த்து முடித்தவற்றை அழியுங்கள். பாக்ஸிலிருந்து 'டிக் டிக்' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் டிஸ்க் பழுதாகிவருகிறது என்று அர்த்தம். அதற்கு ரீஸ்டார்ட் உதவாது, பாக்ஸையே மாற்றச் சொல்லி கேபிள் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் பதிவுகள் அந்தந்தப் பாக்ஸில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்டிருக்கும், புதிய பாக்ஸுக்கு மாற்ற முடியாது. அதனால் பாக்ஸைக் கொடுப்பதற்கு முன், பார்க்காமல் வைத்திருக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிடுங்கள்.