டெர்மோஸ்கோப் கையில் இருந்தும் கோட்டை விடும் இடங்கள்

டெர்மோஸ்கோப் என்பது தோலைப் பெரிதாக்கிக் காட்டும், வெளிச்சம் உள்ள கைக்கருவி. அதன் கண்ணாடியைத் துடைக்க மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுவோம். இலங்கை மலையகத்தின் தோல் கிளினிக்குகளுக்குப் புதிதாக வரும் டொக்டர்மார், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் வருடந்தோறும் வரிசையாக விழுகிறார்கள். சொல்ல வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

அழுத்திப் பிடிப்பது

கண்ணாடியைத் தோலோடு அழுத்தினால் நுண் இரத்தக்குழாய்கள் வெளுத்து மறைந்துவிடும். பிறகு "குழாய் இல்லை, எனவே சோரியாசிஸ் இல்லை" என்று கார்டில் எழுதிவிடுகிறார்கள். சோரியாசிஸில் புள்ளிக் குழாய்கள் சீராகப் பரவியிருக்கும். எக்ஸிமாவில் திட்டுத் திட்டாக, மஞ்சள் பொருக்கோடு தெரியும். நம்மவர் தோல் நிறத்தில் அந்தப் புள்ளிகள் ஏற்கனவே மங்கல். அழுத்தினால் அதுவும் போச்சு. தொடாமல் பார்க்கும் போலரைஸ்ட் வெளிச்சம் இருந்தால் அதையே பாவியுங்கள். இல்லாவிட்டால் ஜெல்லைத் தாராளமாக வைத்து, கண்ணாடி தோலில் பட்டும் படாமலும் பிடியுங்கள்.

எடுத்ததும் ஜெல் பூசுவது

செதில் மறைந்துவிடும். முதலில் உலர்ந்தபடி பாருங்கள். வீட்டில் மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு வருபவர்களும் உண்டு. அதைப் பொருக்கென்று எழுதாதீர்கள்.

உச்சந்தலையின் வெள்ளைப் புள்ளிகள்

இதைக் கண்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், உச்சியில் உள்ளங்கை அளவு வழுக்கையோடு வந்தார். கூடைக் கயிறு உரசும் இடம் என்பதால், முன்பு பார்த்தவர்கள் கயிற்றின் மேல் பழியைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் இளம் டொக்டர் கருவியை வழுக்கையின் நட்ட நடுவில் வைத்தார். "சேர், முடித் துவாரமெல்லாம் அப்படியே இருக்கு. அக்கா, பயப்படாதீங்க, முடி திரும்ப வரும்."

அவர் கண்டது ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். கருமையான தலைத்தோலில் இவை ஒழுங்கான இடைவெளியில் பளிச்சென்று தெரியும். ஆனால் அவற்றில் பல வியர்வைச் சுரப்பிகளின் வாய்கள். முடிவேர் அழிந்து தழும்பான பிறகும் அவை அங்கேயே இருக்கும். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெளிறிய தோலில் எடுத்தவை. இந்த விஷயத்தில் அவற்றால் பெரிய உதவி இல்லை. துவாரம் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல, அதற்குள் ஏதாவது இருக்க வேண்டும். புழுவெட்டு என்றால் மஞ்சள் புள்ளி, ஒடிந்த முடியின் கறுப்புப் புள்ளி, அடி மெலிந்த குட்டை முடி என்று ஏதாவது கிடைக்கும். இங்கே ஒன்றுமில்லை.

கருவியை விளிம்புக்கு நகர்த்தச் சொன்னேன். அங்கே கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்துப் பிதுங்கிய துவாரங்கள், சிவப்புப் புள்ளிகள், தடித்துக் கிளைவிட்ட குழாய்கள். டிஸ்கொயிட் லூபஸ், அதாவது முடிவேரை அழித்துத் தழும்பாக்கும் தோல் நோய். நடுவில் போன முடி போனதுதான். மருந்தால் காப்பாற்ற முடிந்தது விளிம்பை மட்டும். அதை அந்த அக்காவிடம் சொல்ல வேண்டியவர், ஐந்து நிமிடத்துக்கு முன் முடி வரும் என்று சொன்ன அதே டொக்டர்.

பயொப்சிக்கும், அதாவது சோதனைக்குத் தோல் துண்டு எடுப்பதற்கும், இதே கதைதான். நடுவில் எடுத்தால் ரிப்போர்ட்டில் தழும்பு என்று மட்டும் வரும். மறுபடி வரச் சொன்னால் தோட்டத்தில் அவருக்கு இன்னொரு நாள் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போகும். அடைப்பும் சிவப்புப் புள்ளியும் தெரியும் இடத்தைப் பேனாவால் குறித்து, அங்கே எடுங்கள்.

ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும் தீர்ப்புச் சொல்வது

மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் பின்னணியும் கிளைவிட்ட குழாயும் கிரனுலோமாவாக (அழற்சிக் கலங்கள் திரண்ட முடிச்சாக) இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் சொல்லும். சார்கொயிடோசிஸ், தோல் காசநோய், லீஷ்மேனியாசிஸ், தொழுநோய் எல்லாமே அப்படித் தெரியலாம். குழாய், செதில், முடித்துவாரம், மற்ற நிறமும் உருவமும், தனி அடையாளம் என ஐந்தையும் பார்க்கும்படி 2020இல் சர்வதேச டெர்மோஸ்கோப்பிச் சங்கத்தின் நிபுணர்கள் வகுத்துத் தந்தார்கள். ஐந்தையும் பார்த்த பிறகும், தொழுநோயா என்று அறிய, பஞ்சால் உணர்ச்சியைச் சோதியுங்கள், நரம்பைத் தடவிப் பாருங்கள்.

என்ன கிறீம் பூசினார் என்று கேட்காதது

ஸ்டீரொயிட் பூசிய படர்தாமரை எந்த வேஷமும் போடும். செதிலைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

குளிர்ந்த விரல்கள்

ஸ்க்ளீரோடெர்மா, டெர்மடோமயோசைட்டிஸ் சந்தேகத்தில் நகத்தின் அடிமடிப்பில் உள்ள நுண்குழாய்களைப் பார்க்கும்போது, நுவரெலியாக் குளிரிலிருந்து வந்தவரை உடனே உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். அறைச் சூட்டில் 15, 20 நிமிடம் இருக்கட்டும். கொழுந்து பறிப்பவர்களின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் அடிபட்டவை. அங்கே தெரியும் இரத்தக்கசிவு வேலையால் வந்ததாக இருக்கலாம். மோதிர விரலையும் சுண்டு விரலையும் பாருங்கள், இரண்டு கையிலும்.