மாக் ஆப்ஜெக்டை நம்பி ஏமாறாமல் சோதனை எழுதுவது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். ஈரப்பதமானி காட்டும் அளவு 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லைக் காயவைத்து வரச் சொல்ல வேண்டும். தாண்டாவிட்டால் 40 கிலோ மூட்டைகளாக எடைபோட்டு ரசீது தர வேண்டும். கருவி கையில் இல்லாததால், எப்போது கேட்டாலும் 16.5 என்று சொல்லும் மாக் ஒன்றை, அதாவது சோதனைக்காக உண்மைக் கருவிபோல் நடிக்கும் போலி ஆப்ஜெக்டை, அதன் இடத்தில் வைக்கிறோம். சோதனைகள் எல்லாம் தேறிவிடுகின்றன. களத்திலோ, கிண்ணத்தில் நெல் போதாதபோது கருவி 0 என்று அனுப்பினால், அது 17ஐவிடக் குறைவு என்பதால், அளக்கப்படாத ஈரநெல்லுக்கு ரசீது அச்சாகிவிடும். கருவியைப் பற்றி நாம் நினைத்திருந்ததையே மாக் நமக்குத் திருப்பிச் சொன்னது. அதனால்தான் பிழை தெரியவில்லை.

ஆகவே மாக் எழுதும் முன் உண்மைக் கருவியிடம் செல்லுங்கள். காய்ந்த நெல், நனைந்த நெல், வெறுங்கிண்ணம், கழன்ற கம்பி என ஒவ்வொரு நிலையிலும் அது அனுப்புவதை அப்படியே கோப்பில் சேமித்து, அந்தப் பதிவுகளையே மாக் திருப்பித் தருமாறு செய்யுங்கள். கருவியோடு பேசும் நிரலை ஒரு சிறிய கிளாஸுக்குள் (நிரலின் தனி அலகுக்குள்) அடக்கி, அதற்கு மட்டும் மாக் வைப்பது போதும். ஈரப்பத ஒப்பீட்டுக்கும் பணக் கணக்குக்கும் மாக் தேவையே இல்லை.

பைத்தான் நிரல்மொழியின் 3.3 பதிப்பு முதல் அதனோடே வரும் மாக் நூலகத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. வெறும் மாக், நீங்கள் எந்தப் பெயரில் அழைத்தாலும் ஏற்றுக்கொண்டு இன்னொரு மாக்கைத் திருப்பித் தரும்; அது இஃப் நிபந்தனையில் ‘உண்மை’ என்றே கொள்ளப்படும். கிளாஸில் உள்ள ஒரு மெத்தட்டின் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டின்) பெயரை மாற்றிய பிறகும் பழைய சோதனை தேறிக்கொண்டிருப்பது இதனால்தான். மாக்கை உண்மைக் கிளாஸின் வடிவத்துக்குள் கட்டுப்படுத்தும் ஆட்டோஸ்பெக் வசதியைப் பயன்படுத்தினால், இல்லாத பெயரும், மெத்தட்டுக்குத் தவறாகத் தரப்படும் ஆர்கியுமென்ட்டும் (உள்ளீடும்) உடனே பிடிபடும். திரும்பி வரும் மதிப்பு சரியா என்பதை அது பார்க்காது.

எந்த மெத்தட் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணும் சோதனைகளை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். 2022இல் மழையால் ஈரப்பத வரம்பு 19 விழுக்காடு வரை தளர்த்தப்பட்டது. அதுபோன்ற சமயத்தில் வரம்பை நிரலிலிருந்து எடுத்து அமைப்புக் கோப்புக்கு மாற்றினால், விடை சரியாக இருந்தும், அழைப்புகளின் எண்ணிக்கை மாறுவதால் எண்ணும் சோதனைகள் உடையும். 18 விழுக்காட்டு நெல் ஏற்கப்படுகிறதா என்று கேட்கும் சோதனையோ தேவையானதை மட்டும் சொல்லும்.

குறுவை, சம்பா கொள்முதல் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும், மாக்கின் மீது ஓடும் அதே சோதனைகளை உண்மைக் கருவியின் மீதும் ஓட்டுங்கள். இரண்டின் விடைகளும் வேறுபட்டால் முதலில் மாக்கைத் திருத்துங்கள்.