வீட்டில் என்ன இருக்கிறது? சபையும் ஊரும் சேர்ந்து முதல் வேலையைத் தொடங்கும் முறை

அசனம் என்கிற ஊர்ப்பந்தி நடத்தத் தெரிந்த கிறிஸ்தவ சபைக்கு ஊர் வேலை நடத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அசனம் உண்டு. அரிசி ஒரு வீட்டிலிருந்து வரும், ஆடு இன்னொரு வீட்டிலிருந்து, விறகு யாரோ ஒருவர் தோட்டத்திலிருந்து. அண்டா சபைக்குச் சொந்தம். காய் நறுக்கப் பெண்கள், பந்தி பரிமாற வாலிபர்கள், உப்பு பார்க்க மட்டும் ஒரு பெரியவர். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் பந்தியில் உட்காரலாம். இதற்காக யாரும் திட்ட அறிக்கை எழுதி நான் பார்த்ததில்லை.

அதே சபைக் கமிட்டியில் "ஊருக்கு ஏதாவது செய்வோம்" என்று எழுந்து பேசிப் பாருங்கள். முதல் பதில், "பணத்துக்கு எங்க போறது?" இரண்டாவது பதில், "வெளிநாட்டுல யாருக்காவது எழுதிக் கேப்போமா?" அந்தக் கதவும் முன்போல் இல்லை. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு தனக்கு வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிவிட முடியாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்னச் சபைக்குப் பிரித்துக் கொடுத்த காலம் முடிந்துபோனது.

எனவே கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவோம். இது புதிய யோசனையும் இல்லை. 1830-லேயே மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் திருநெல்வேலியில் தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. ஊரைவிட்டு விரட்டப்பட்ட விசுவாசிகள் குடியேற நிலம் வாங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. 1903-ல் வெள்ளாளன்விளை அசரியாவும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆளும் பணமும் நிர்வாகமும் இங்கிருந்தே வர வேண்டும் என்பதுதான் கொள்கை. இதையே 1993-ல் அமெரிக்காவில் கிரெட்ஸ்மன், மெக்நைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முறையாக வகுத்து எழுதினார்கள்: ஊரின் குறைகளை எண்ணுவதற்கு முன்னால் ஊரின் கைகளை எண்ணு.

படி 1: ஆறேழு பேர் போதும்

கமிட்டியையே குழுவாக்கிவிடாதீர்கள். கமிட்டிக்கு ஏற்கெனவே சண்டைகள் இருக்கும். குருவானவரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். ஆனால் அவரையே தலைவராக்க வேண்டாம். மூன்று நான்கு வருடத்தில் அவருக்கு மாற்றல் வரும், வேலையும் அவரோடு சாமான் வண்டியில் ஏறிப் போய்விடும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர், வாலிபர் சங்கத்தில் ஒருவர், கைத்தொழில் தெரிந்த ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். அவசியமாக, சபையைச் சேராத அடுத்த தெருக்காரர் ஒருவர். அவரை நான்காவது கூட்டத்தில் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். வந்து தலையாட்டிவிட்டுப் போவார்.

படி 2: கேள்வியை மாற்றுங்கள்

இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்.

வழக்கமான கேள்வி, "உங்களுக்கு என்ன தேவை?" இதைக் கேட்டால் ஜனங்கள் உங்களைக் கொடுக்க வந்தவராக நினைத்துக்கொள்வார்கள். ரோடு, தண்ணீர், வேலை, கடன் என்று பட்டியல் நீளும். ஒரு வாரத்தில் உங்கள் நோட்டு நிறைந்துவிடும், தெம்பு காலியாகிவிடும்.

இப்படிக் கேளுங்கள்: உங்களுக்கு எந்த வேலை கைவந்தது? யாரிடம் கற்றீர்கள்? ஊரில் யாருக்காவது கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா? வீட்டில் சும்மா கிடக்கிற சாமான் ஏதாவது உண்டா? வாரத்தில் எந்த நேரம் உங்களுக்குச் சும்மா இருக்கிற நேரம்?

ஆராதனை முடிந்ததும் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வது வீண். வீட்டுக்குப் போங்கள், உட்காருங்கள், கண்ணால் பாருங்கள். நாங்கள் போன மூன்றாவது வீட்டில் ஓர் ஆச்சி நடையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு என்னய்யா தெரியும்? வயசாயிட்டு, கண்ணும் சரியாத் தெரியல" என்றார்.

எங்களோடு வந்த தம்பி நோட்டில் "ஒன்றும் இல்லை" என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டான். ஆச்சியின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. பேசிக்கொண்டே பனை ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து ஒரு பக்கமும் ஓலையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சுவரோரம் மூன்று பெட்டிகள், ஒன்றில் மிளகாய் வற்றல்.

"இது யார் முடைஞ்சது ஆச்சி?"

"நாந்தான். இதெல்லாம் ஒரு தொழிலா?"

அன்று அவர் அரைமணி நேரம் பேசினார். குருத்தோலை எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும், எத்தனை வெயில் காட்ட வேண்டும், முடையும் முன் எவ்வளவு ஈரம் தெளிக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். தம்பி அத்தனையையும் எழுதிக்கொண்டான். இதை மறக்காதீர்கள், பிறகு வருகிறேன்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் கடனில் மூழ்கிய விதவையிடம் எலிசா கேட்பதும் இதே கேள்விதான்: வீட்டில் என்ன இருக்கிறது? அவளும் முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறாள், எண்ணெய்க் குடம் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. பிரசங்கங்களில் எண்ணெய் பெருகினதைத்தான் சொல்வோம். அக்கம்பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது.

படி 3: ஊரைத் தரையில் வரையுங்கள்

நாற்பது ஐம்பது வீடு முடிந்ததும் சபை வளாகத்தில் ஒரு சாயங்காலம் கூடுங்கள். கோலப்பொடியால் தரையில் ஊரை வரையுங்கள்: தெருக்கள், குளம், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல் இருந்தால் அது, பனங்காடு, பஸ் நிறுத்தம். பிள்ளைகளை வரைய விடுங்கள், பெரியவர்கள் திருத்துவார்கள். யார் வீட்டில் என்ன தொழில் என்பதைச் சீட்டில் எழுதி அந்தந்த இடத்தில் கல் வைத்து அமுக்குங்கள்.

சபைக்குச் சொந்தமானதையும் எழுதுங்கள்: ஹால், பெஞ்சு, மைக் செட், அண்டா, கிணறு, காலி மனை. வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிற ஒரு ஹால் எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போதுதான் உறைக்கும்.

பக்கத்திலேயே பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதுங்கள். எங்கள் பக்கம் மாசி தொடங்கி ஆனி, ஆடி வரை பதநீர்க் காலம். ஆண்கள் மரத்திலும் பெண்கள் விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசையில்) கருப்பட்டி அடுப்பிலும் இருப்பார்கள், அப்போது கூட்டம் போட்டால் ஆள் வராது. ஐப்பசி, கார்த்திகை மழை. டிசம்பரில் சென்னை, மும்பை, வளைகுடா என்று வெளியே இருப்பவர்கள் ஊருக்கு வருவார்கள்.

படி 4: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலைப் பார்த்ததும் பத்து வேலை தோன்றும். ஒன்றை எடுங்கள். அதற்கு மூன்று சோதனை வையுங்கள். மூன்று மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற பலன் வருமா? வெளி அனுமதி, வெளிப் பணம் இல்லாமல் தொடங்க முடியுமா? சபைக்கு வெளியே உள்ளவருக்கும் பயன் உண்டா?

தேறுகிற இரண்டு மூன்றைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டை கொடுத்துப் போடச் சொல்லுங்கள். சத்தமாகப் பேசுகிறவருக்கும் மூன்றுதான், பேசாத மருமகளுக்கும் மூன்றுதான். எங்கள் ஊரில் மாலைப் படிப்பும் ஓலைக் கொட்டானும் (சின்ன ஓலைப்பெட்டி) போட்டியில் நின்றன, கொட்டான் ஜெயித்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பக்கத்து டவுனில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், ஓலைக் கொட்டான் கிடைத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

இந்தப் பக்கத்து மிஷன் வரலாற்றில் லேஸ் பின்னலுக்குப் பெரிய பெயர். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது. அவர் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அங்கேயும் கொண்டுவந்தார். எத்தனையோ பெண்கள் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு வந்தது அதனால்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வித்தை வெளியிலிருந்து வந்தது, வாங்குகிறவர்களும் பெரும்பாலும் வெளியே இருந்தார்கள். ஓலை அப்படியில்லை. மரம் இங்கே, கை இங்கே, கடை பத்து மைலுக்குள்.

படி 5: பங்கும் கணக்கும்

முதல் செலவுக்குக் கைப்பிடி அரிசி போதும். சமைக்கும்போது தினம் ஒரு பிடி எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரும் வழக்கம் நம் சபைகளில் பலவற்றில் உண்டு. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் இதற்குப் புஃபாய் தாம் என்று பெயர், நூறு வருடத்துக்கும் மேலாக அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று அது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவதும் உண்டு. ஒரே பூசணிக்காயை எடுத்தவரே திருப்பிக் கொடுத்து, அது மூன்று முறை ஏலம் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காணிக்கைக் கணக்கோடு இதைக் கலக்காதீர்கள். தனி நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. விற்கிறவர் கையில் பணப்பெட்டி இருக்கக் கூடாது. வரவு செலவை மாதாமாதம் எழுதிப் போடும் பலகையைச் சர்ச் கேட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் சபைக்காரர் மட்டும்தான் படிப்பார்.

கூலி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒரு கொட்டான் முடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து விலை போடுங்கள். "ஊழியம்தானே" என்று சொல்லி ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்குவது சபைகளுக்குப் பழகிப்போன கெட்ட வழக்கம். அதே கறார் இன்னொன்றிலும் வேண்டும்: ஆராதனைக்கு வந்தால்தான் பங்கு என்ற பேச்சு யார் வாயிலும் வரக் கூடாது. வந்தால் கூட்டத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள்.

படி 6: சிறிதாக ஓட்டிப் பாருங்கள்

நாங்கள் கிறிஸ்துமஸ் வியாபாரத்தைக் கணக்குப் போட்டுக் கார்த்திகையில் ஓலை வெட்டினோம். ஐந்து பெண்கள், அதில் இருவர் சபையைச் சேராதவர்கள், அறுபது கொட்டான் முடைந்தார்கள். கடைக்குப் போன பத்தாம் நாள் பதினொன்று திரும்பி வந்தது. மூலையில் கறுப்புப் புள்ளி, உள்ளே பூஞ்சை. கடைக்காரர் கோபப்படவில்லை, அடுத்த லோடு வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

நோட்டைப் புரட்டினோம். ஆச்சி வீட்டுப் பக்கத்தில் தம்பியின் கையெழுத்தில் இருந்தது: "பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்து அடுப்படிப் பரணில் கட்டி வைக்கணும். மழையில் வெட்டுன ஓலை ஆகாது." எழுதிக்கொண்டோம், படிக்கவில்லை.

பதினொரு கொட்டான் காசையும் பலகையில் நஷ்டமாக எழுதினோம். ஓலை வெட்டிக் காயவைப்பதைப் பங்குனிக்கு மாற்றினோம், ஆச்சியைக் குழுவில் சேர்த்தோம். காலியாக நின்ற மாதங்களில் பிள்ளைகளின் மாலைப் படிப்பை ஹாலில் தொடங்கினோம். புளியங்கொட்டையில் இரண்டாவதாக வந்ததுதானே. உங்களுக்கும் முதல் சுற்றில் ஏதாவது ஒன்று சொதப்பும். அறுபதில் சொதப்பினால் தாங்கலாம், ஆறாயிரத்தில் தாங்காது.

படி 7: நம்மால் ஆகாததைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்

உள்ளூர்க் கைகளை நம்புவது என்றால் அரசாங்கத்தின் வேலையையும் நாமே செய்வது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ரோடு, குடிநீர்க் குழாய், ஊரக வேலைத் திட்டம், ரேஷன் இவையெல்லாம் ஜனங்களின் உரிமை. வீடு வீடாகப் போனபோது காதில் விழுந்த இந்தக் குறைகளைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்திருக்கின்றன.

சபையின் பெயரில் போகாமல் தெருவின் பெயரில் போங்கள். அடுத்த தெருக்காரரும் ஆச்சியும் முன்னால் நிற்கட்டும். மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள், தீர்மானமாக நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.